விமானிக்குக் கண்ணாடி தடையா? லேசர் சிகிச்சைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளை விமானிப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னால், பினாங்குத் தமிழ் வீடுகளில் பணத்துக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி கண்ணைப் பற்றியதுதான். “கண்ணாடி போட்டிருக்கானே, எடுப்பாங்களா?” தண்ணீர்மலையிலிருந்து மலேசியாவின் எந்த மூலைக்குப் போனாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: “லேசர் பண்ணிட்டா சரியாயிடும்மா.” சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் தனியார் மருத்துவமனைகளுக்குப் பெயர்போன ஊர். இந்தோனேசியாவிலிருந்தே ஆட்கள் விமானம் ஏறி வந்து சிகிச்சை பெற்றுப் போகிறார்கள். லேசர் கண் சிகிச்சை இங்கே எட்டாத பொருளும் இல்லை, பயப்படவேண்டிய பொருளும் இல்லை.

ஆனால் பயணிகள் விமானம் ஓட்டுவதற்குக் கண்ணாடி தடையே இல்லை. தடை இல்லாத ஒன்றை நீக்குவதற்காகச் செய்யும் அறுவை, சரியாக அமையாவிட்டால், உண்மையான தடையாகிவிடலாம். ஒரு விமானி லேசரைப் பற்றி யோசிக்கும்போது தொடங்க வேண்டிய இடம் இது.

விதி என்ன சொல்கிறது

விமானிகளின் உடல்தகுதிக்கு அடிப்படை அளவுகோலை வகுப்பது ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. உறுப்பு நாடுகள் அதை ஒட்டித் தங்கள் விதிகளை எழுதிக்கொள்கின்றன. மலேசியாவில் அந்தப் பொறுப்பு 2018இல் உருவான மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துடையது. வணிக விமானம் ஓட்டுபவருக்கு வேண்டியது முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ்.

அந்த வகுப்புக்கு அனைத்துலக அளவுகோல் கேட்பது இதுதான்: தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6. “கண்ணாடியோடு அல்லது கண்ணாடி இல்லாமல்” என்பதும் விதியிலேயே இருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் அந்த அளவு வருகிறது என்றால், பறக்கும்போது அதைப் போட்டிருக்க வேண்டும், இன்னொரு கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி இல்லாத பார்வை 6/60ஐவிட மோசமாக இருந்தால்கூடக் கதவு மூடிவிடாது. முதல் சான்றிதழுக்கு முன்பும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் முழுமையான கண் மருத்துவ அறிக்கை கொடுக்க வேண்டியிருக்கும்.

லேசர் செய்துகொண்டவர்களைப் பற்றி அதே விதி பேசும் தொனி வேறு. கண்ணின் பவரை மாற்றும் அறுவை செய்துகொண்டவர் தகுதியற்றவர் என்றுதான் தொடங்குகிறது. வேலைக்கு இடைஞ்சலாகக்கூடிய பின்விளைவு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே தகுதி திரும்பும். கண்ணாடி போட்டவர் பலகையில் எழுத்தைப் படித்துக் காட்டினால் போதும். லேசர் செய்தவர் தன் கண்ணில் குறை இல்லை என்று நிரூபித்துக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. மருத்துவச் சோதனையில் நிறப்பார்வையையும் பார்ப்பார்கள். நிறக்குருடு இருப்பவருக்கு லேசர் எந்த உதவியும் செய்யாது. நிறத்தைப் பிரித்தறிவது விழித்திரையின் வேலை. லேசர் தொடுவது கண்ணின் முன்பக்கத்தை மட்டும். பணம் செலவழித்துப் பவரை நீக்கிக்கொண்ட பிறகு, முதல் மருத்துவச் சோதனையில் புள்ளிப் படத்தில் எண் தெரியாமல் நின்றால், செய்த செலவுக்குப் பொருள் இல்லாமல் போகலாம். ஆகவே பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன், லேசருக்கும் முன், முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிட வேண்டும்.

லேசர் கண்ணில் என்ன செய்கிறது

இந்தச் சிகிச்சையின் தொடக்கத்தில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949இலும் 1950இலும் பட்டங்கள் பெற்று அமெரிக்கா போன வேதியியலாளர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் எக்சைமர் லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல், வெட்டு சுத்தமாக விழுந்தது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புறஊதா ஒளி திசுவைச் சுடுவதற்குப் பதிலாக, மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்து மேலே இருந்து நுண்ணிய அடுக்குகளாக ஆவியாக்கி எடுத்துவிடுகிறது. கண் மருத்துவர் ஸ்டீஃபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து கருவிழியில் இதைப் பயன்படுத்தலாம் என்று 1983இல் ஸ்ரீனிவாசன் கட்டுரை எழுதினார். ஸ்ரீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அதிபர் ஒபாமா 2013இல் வழங்கினார்.

கிட்டப்பார்வை உள்ளவருக்கு ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. கருவிழியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னால் நகர்ந்து விழித்திரையில் வந்து சேரும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 6 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால், ஒரு டயாப்டருக்கு ஏறக்குறைய 12 மைக்ரான். இங்கே கண்ணாடிக் கடையில் ‘பவர் முந்நூறு’ என்பது மைனஸ் 3 டயாப்டர். அதற்குக் கணக்குப்படி 36 மைக்ரான் போகும். ‘எண்ணூறு’ என்றால் 96 மைக்ரான். இன்றைய கருவிகள் பல இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுக்கின்றன. சராசரிக் கருவிழியின் மொத்தத் தடிப்பே சுமார் 540 மைக்ரான்தான். எடுத்த திசு திரும்ப வளராது.

மூன்று வழிகள்

பி.ஆர்.கே. முறையில் கருவிழியின் மேல்தோலை அகற்றிவிட்டு நேரடியாக லேசர் பாய்ச்சுவார்கள். மேல்தோல் திரும்ப வளரும் வரை நாலைந்து நாள் வலி இருக்கும், கண்ணில் மூடுலென்ஸ் இருக்கும். பார்வை தெளிந்து நிலைக்கச் சில வாரம் முதல் சில மாதம் ஆகலாம். பதிலுக்கு, கருவிழியில் நிரந்தர வெட்டு எதுவும் கிடையாது.

லேசிக் முறையில் 100 முதல் 120 மைக்ரான் கனத்தில் ஒரு மெல்லிய மடலை வெட்டி, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல் ஒதுக்கிவைத்து, உள்ளே லேசர் பாய்ச்சி, மடலை மூடிவிடுவார்கள். மறுநாளே பலருக்குப் பார்வை நன்றாக இருக்கும். ஆனால் அந்த மடல் பழைய உறுதியோடு ஒட்டாது. பல ஆண்டுக்குப் பிறகும் பலமான அடி பட்டால் அது நகர்ந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மடலை வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுபடுவதால் கண் உலர்வும் கூடுகிறது.

ஸ்மைல் முறை இவற்றுக்குப் பிந்தியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் ஒப்புதல் கொடுத்தது. கருவிழிக்குள்ளேயே லேசரால் ஒரு சின்னத் தகட்டை வெட்டி, சில மில்லிமீட்டர் துளை வழியே உருவி எடுப்பார்கள். மடல் இல்லை. ஆனால் பவர் கொஞ்சம் மிஞ்சிவிட்டால் அதே முறையில் திரும்பச் செய்வது எளிதில்லை, பெரும்பாலும் பி.ஆர்.கே. செய்துதான் சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு மறுநாளே பார்வை வருவது பெரிய வரம். விமானிக்கு அந்த வேகத்தால் அவ்வளவு பயன் இல்லை. பார்வை நிலைக்கும் வரை எப்படியும் பறக்க முடியாது.

காக்பிட்டில் வரும் சிக்கல்கள்

முதலாவது இரவு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஓடுபாதைக்கு இரவில் இறங்கும் விமானி, இருண்ட கடற்பரப்புக்கு அப்பால் வரிசை வரிசையாக எரியும் விளக்குகளைப் பார்த்துத்தான் உயரத்தையும் திசையையும் சரிபார்க்கிறார். இருட்டில் கண்மணி விரியும்போது, லேசர் செதுக்கிய வட்டத்தின் ஓரம் வழியாகவும் ஒளி நுழைந்தால், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், அல்லது விளக்கு கதிர்கதிராகச் சிதறித் தெரியும். பகலில் 6/6 படிப்பவருக்கும் இது வரலாம். எழுத்துப் பலகை இதைக் காட்டாது.

இது எத்தனை பேருக்கு வருகிறது? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து நடத்திய ‘ப்ரௌல்’ ஆய்வுகளில் ஒன்று கடற்படையினரிடமே நடந்தது. அறுவைக்கு முன் எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதிருந்தவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து ஏதாவது ஒரு புதுத் தொந்தரவைச் சொன்னார்கள். அதிகம் சொல்லப்பட்டது ஒளிவளையம்தான். உலர்கண் இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை உலர்வைச் சொன்னார்கள். அன்றாட வேலைக்கே பெரிய சிரமம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றார்கள். எல்லா எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு நல்லபடியாக முடிகிறது. ஆனால் ‘கொஞ்சம் வளையம் தெரிகிறது, பழகிவிட்டது’ என்று கடைக்காரர் சொல்லிவிட்டுப் போகலாம். இரவு விமானம் ஓட்டுபவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இரண்டாவது உலர்ந்த காற்று. பறக்கும் விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. பினாங்கின் புழுக்கத்தில் உலர்கண் இருப்பதே தெரியாதவருக்கு, நாலு மணி நேரப் பறப்பில் கண் உறுத்தத் தொடங்கும், பார்வை மங்கி மங்கித் தெளியும்.

மூன்றாவது உயரம். இதில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. லேசர் வருவதற்கு முன் கருவிழியில் கத்தியால் ஆரம்போல் கீறிப் பவரைக் குறைக்கும் முறை இருந்தது. அதைச் செய்துகொண்ட அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ் 1996இல் எவரெஸ்ட் ஏறும்போது, ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் கருவிழி உருமாறிப் பார்வை இழந்து மலையிலேயே நின்றுவிட்டார். லேசர் முறைகளில் அந்த அளவு மாற்றம் வருவதில்லை. தவிர, பயணிகள் விமானத்தின் உள்ளழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு மேல் போகாதபடி காக்கப்படுகிறது. ஆகவே உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். இரவையும் உலர்வையும் நினைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

ராணுவ விமானிகள் செய்துகொள்கிறார்களே?

செய்துகொள்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் இதற்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டீவன் ஷால்ஹார்ன். எஃப்-14 போர் விமானம் ஓட்டிவிட்டுப் பிறகு கண் மருத்துவர் ஆனவர். சான் டியேகோ கடற்படை மருத்துவமனையில் முதலில் பி.ஆர்.கே.யையும் பிறகு லேசிக்கையும் ஆய்வு செய்தார். விண்வெளி வீரர்களுக்கு 2007இல் நாசா இரண்டையும் அனுமதித்தது.

இந்திய விமானப்படையின் நிபந்தனைகளைப் பார்த்தால், வாசல் திறந்திருந்தாலும் எவ்வளவு ஒடுக்கமானது என்று தெரியும். அறுவை 20 வயதுக்கு முன் நடந்திருக்கக் கூடாது. நடந்து குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கண்ணின் நீளம் 25.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அறுவைக்குப் பின் கருவிழித் தடிப்பு 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. அறுவைக்கு முன் பவர் 6 டயாப்டருக்கு மேல் இருந்தவர்களுக்கு இடமில்லை. கிட்டப்பார்வை அதிகமான கண் பெரும்பாலும் நீண்ட கண். அதில் விழித்திரை மெலிந்து கிழியும் ஆபத்து கூடுதல். முன்பக்கத்தை லேசர் சரிசெய்தாலும் பின்பக்கம் அப்படியேதான் இருக்கும். நீள அளவைக் கேட்பதன் காரணம் இதுதான்.

ராணுவத்தின் கணக்கு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. போர் விமானியின் முகமூடி, தலைக்கவசம், திருப்பங்களில் அழுத்தும் புவியீர்ப்பு ஆகியவற்றுக்கு நடுவே கண்ணாடி உண்மையிலேயே இடைஞ்சல். பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் ஹார்னெட் போர் விமானம் ஓட்டுபவருக்குப் பொருந்தும் காரணம், பினாங்கிலிருந்து சுபாங்குக்கு ஏ.டி.ஆர். பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

யாருக்கு லேசரே கூடாது

கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோய் உள்ளவர்களுக்கு லேசர் கூடாது. ஏற்கெனவே பலவீனமான கருவிழியை மேலும் மெலிதாக்கினால் அது முன்னோக்கித் தள்ளும். அப்புறம் கண்ணாடி போட்டாலும் 6/9 வராமல் போகலாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்து 2000இல் வெளியான ஆய்வு, வெள்ளையரைவிடத் தெற்காசிய வம்சாவளியினரிடம் இந்த நோய் நாலு மடங்குக்கு மேல் காணப்படுவதாகச் சொன்னது. நம் பிள்ளைகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அடிக்கடி கண்ணைக் கசக்கும் பழக்கம், வருடாவருடம் மாறும் சிலிண்டர் பவர், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

லேசிக்கில் மடலுக்குக் கீழே குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது வழக்கமான எல்லை. 480 மைக்ரான் கருவிழியும் எண்ணூறு பவரும் உள்ளவருக்கு, மடலுக்கு 110, செதுக்கலுக்கு 96 கழித்தால் 274தான் மிஞ்சும். பின்னால் ஒரு திருத்தம் தேவைப்பட்டால் செய்ய அதிக இடமிருக்காது.

செய்வது என்று முடிவானால்

அறுவைக்கு நாள் குறிக்கும் முன், சான்றிதழுக்காக உங்களைச் சோதிக்கும் விமான மருத்துவரைப் பாருங்கள். கண் மருத்துவர் ‘ஒரு வாரத்தில் கார் ஓட்டலாம்’ என்பார். உரிமத்துக்கு அது கணக்காகாது. பறக்காமல் எத்தனை காலம் இருக்க வேண்டும், எந்த எந்தச் சோதனை முடிவுகள் வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய விதிகள் பவர் ஒரே நாளுக்குள் 0.75 டயாப்டருக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்கின்றன. கண்கூச்சமும், மங்கல் ஒளியில் சாயல் வேறுபாடு அறியும் திறனும் இயல்பாக இருக்க வேண்டும் என்கின்றன. உங்களிடம் கேட்காவிட்டாலும் இந்தச் சோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. அறுவைக்கு முன்பும் ஒரு முறை செய்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

அளவெடுக்கப் போகும் முன் கான்டாக்ட் லென்ஸ் போடுவதை நிறுத்த வேண்டும்: மென்லென்ஸ் என்றால் சுமார் இரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் இன்னும் கூடுதல். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றி வைத்திருக்கும்; அந்த வடிவத்துக்கு லேசர் பாய்ச்சினால் பவர் மிஞ்சும்.

பணத்தையும் முழுதாகக் கணக்குப் போடுங்கள். மருத்துவமனைக் கட்டணம் ஒரு பகுதிதான். பறந்த மணி நேரத்துக்கு ஏற்ற படித்தொகை, தரையில் இருக்கும் மாதங்களில் வராது. உரிம இழப்புக் காப்புறுதி வைத்திருந்தால், விருப்பப்பட்டுச் செய்துகொண்ட அறுவையால் வரும் இழப்பை அது ஏற்குமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறையை யாராவது பரிந்துரைத்தால், விமானி என்று சொல்லி மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு கண்ணும் தனியே 6/9 படிக்க வேண்டிய தொழிலில் அது தொல்லை.

அறுவைக்கு முந்திய அளவுகள் எல்லாவற்றையும், கருவிழிப் படங்கள் உட்பட, கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள். அறுவையில் மெலிந்த கருவிழி, கண்ணழுத்தக் கருவியில் உள்ளதைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். பழைய எண் தெரியாத மருத்துவர் கண்ணழுத்த நோயைத் தவறவிடலாம். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போதும் அந்தப் பழைய அளவுகள் தேவைப்படும்.

எந்த வயதில் எது சரி

பதினெட்டு வயதில் லேசர் வேண்டாம். பவர் இன்னும் ஏறும் வயது அது. இன்று எடுத்தால் இருபத்திரண்டில் திரும்பக் கண்ணாடி வரும். முதல் வகுப்புச் சான்றிதழைக் கண்ணாடியோடே வாங்கிவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம். சேர விரும்பும் விமான நிறுவனத்தின் பயிற்சி விமானித் தேர்வில் சொந்த வரம்பு ஏதும் உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வரை, பவர் ஓராண்டுக்கு மேல் அசையாமல் நின்று, ஆறு டயாப்டருக்குக் கீழே இருந்து, கருவிழி தடிப்பாகவும் கண் ஈரமாகவும் இருப்பவருக்கு லேசர் நியாயமான தேர்வு. குளிர்சாதனக் காக்பிட்டிலிருந்து இறங்கி, பினாங்கு வெக்கையில் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் கண்ணாடி பனித்துப்போவது சின்ன எரிச்சல் இல்லை. நீண்ட விடுப்பு கிடைக்கும்போது, சான்றிதழ் புதுப்பிக்கும் தேதியையும் பார்த்து, செய்துகொள்ளலாம்.

நாற்பதைத் தாண்டியவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வரும் வெள்ளெழுத்தை இந்த லேசர் தடுக்காது. கிட்டப்பார்வைக்காரர் இப்போது கண்ணாடியைக் கழற்றி வரைபடத்தைப் படித்துவிடுகிறார். லேசருக்குப் பிறகு அந்த வசதி போய்விடும். முதல் வகுப்புச் சோதனை கிட்டத்து எழுத்தையும், ஒரு மீட்டர் தூரத்துக் கருவிப்பலகை எழுத்தையும் படிக்கச் சொல்கிறது. லேசர் செய்தாலும் செய்யாவிட்டாலும் நாற்பத்தைந்தில் அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும். எப்படியும் ஒரு கண்ணாடி மூக்கில் ஏறத்தான் போகிறது என்றால், தூரம், நடுத்தூரம், கிட்டம் மூன்றுக்கும் காக்பிட் அளவெடுத்துச் செய்த நல்ல கண்ணாடிக்கே அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கலாம். அதற்காக ஒரு நாள்கூடத் தரையில் உட்கார வேண்டியதில்லை.